பென்சில் கணக்கு

ஊத்தான் மெலிந்தாங் சமூகக் கல்லூரிக்குப் பின்னால்
மூன்று பக்கம் செம்பனை, ஒரு பக்கம் செம்மண் சடக்கு.
நடுவில் கிடந்த திடலுக்கு
இருபத்திரண்டு வருஷம் தலைமைப் பயிற்றுநர்
தவமணி. ஊர் வாயில் கோச்சம்மா.
நான் ஸ்டோர் கிராணி.
பேட் எண்ணுவது, சுண்ணாம்பு வாங்குவது,
ஆட்ட நாளில் ஸ்கோர் புத்தகம் எழுதுவது.

பேஸ்பாலா, இந்தத் தோட்டத்திலா என்று கேட்டவர்களுக்கு
அவர் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.
தீம்பாருக்குள் போன பந்துக்கு இரண்டு பேஸ்,
பாம்பைப் பார்த்துத் திரும்பினால் மூன்று என்று
வந்திறங்கும் அணிகளுக்கு
சிரிக்காமல் சட்டம் வாசிப்பார்.
நாலு மணி மழைக்கு முன்
ஐந்து இன்னிங்ஸ் முடித்தாக வேண்டும்.
முடியாவிட்டால் பையன்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு
பிட்சர் மேட்டின் மேல் தார்ப்பாயை
அவரும் நானும் இழுப்போம்.

நூற்று நாற்பத்தொரு வெற்றி.
இருநூற்று அறுபத்து மூன்று தோல்வி.
மழை எடுத்துக்கொண்டவை பதினாறு.
எல்லாம் என் கையெழுத்து.

ஒப்பந்தம் வருஷா வருஷம்.
டிசம்பரில் கடிதம் வரும்வரை
அவர் புதுப் பந்து கேட்க மாட்டார்,
பிரிந்த பழசுக்கே சிவப்பு நூல் கோப்பார்.

இந்த டிசம்பரிலும் கடிதம் வந்தது.
சேவைக்கு நன்றி. இரண்டு பத்தி.
கீழே மாணவர் விவகாரத் தலைவர்,
இளஞ்சேரன் த/பெ பொன்னுரங்கம்.

கேன்டீன் சுவரில் அவன் படம் உண்டு.
இரண்டாயிரத்து நாலு, தைப்பிங் அணிக்கு எதிராக
ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல்
முழு ஆட்டமும் வீசியவன்.
கல்லூரியில் அது ஒரே ஒருமுறை.

கடிதத்தை நாலாய் மடித்து
டிராக் சூட் பைக்குள் செருகினார்.
"நாலாம் வருஷப் புத்தகத்த எடுங்க."

ஆறாம் இன்னிங்ஸ். தரையோடு வந்த அடி.
ஷார்ட்ஸ்டாப்பில் ஷாருல்நிசாம்.
கையுறைக்கு ஒரு முழம் முன்னால்
என்ன நினைத்ததோ பந்து,
அவன் தோளுக்கு மேல் ஏறிப் போனது.
என் கட்டத்தில்: எர்ரர், ஆறாம் இடம்.
எர்ரர் என்றால் பழி பிடிக்காதவன் மேல்.
பிட்சர் கணக்கில் ஒன்றுமில்லை.

"அது கல்லுங்க. சடக்குக் கல்லு.
அந்தப் பையன் மேல தப்பில்ல.
ஹிட்டுன்னு மாத்துங்க."

ஆடிய மறுநாளுக்குள் திருத்தலாம்.
பத்தொன்பது வருஷம் கழித்து
யாரும் வந்து கேட்டதில்லை.
மாற்றினால் கேன்டீன் படம் பொய்.
அதற்காகவா, ஷாருலுக்காகவா என்று
முகத்தில் தேடினேன்.
எந்த எதிரணியும் படித்துவிடாத முகம் அது,
எனக்கு மட்டும் எப்படித் திறக்கும்?

ஷாருல் அடுத்த வாரம் வரவில்லை,
அதற்கு அடுத்த வாரமும்.
இப்போது மில்லில், எடை மேடையில்.
குலை லோரிக்காரர்களுக்கெல்லாம் கையசைப்பான்,
என்னைக் கண்டால் ரசீதைப் பார்ப்பான்.

ரப்பரை எடுத்துக் கட்டத்தில் வைத்தேன்.
தாள் அங்கே ஏற்கெனவே மெலிந்திருந்தது.
விளக்குக்கு நேரே தூக்கினால்
எர்ரருக்கு அடியில் ஒரு பள்ளம்,
என் பழைய பென்சில்: ஹிட்.

அன்று சாயங்காலம்
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று
"பையன் இன்னும் ஒரு ஹிட்டும் குடுக்கல,
பாத்து எழுதுங்க" என்றது
இதே குரல்தான்.
அழித்தது இதே கை.
எனக்கும் ஒப்பந்தம் வருஷா வருஷம்.

அவரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிழிஞ்சிடும்" என்றேன்.
"கிழியட்டும்" என்றார்.

கூரைத் தகரத்தில் முதல் சொட்டு.
யோசிக்காமல் இருவரும் எழுந்து
தார்ப்பாயை நோக்கிப்
பாதித் திடல் ஓடிவிட்டோம்.
புத்தகம் ஜன்னலோரம்
சாரல் அடிக்கும் பக்கத்தில்
திறந்தே கிடக்கிறது.